ஆற்றுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்

எங்கள் ஊருக்கு ஏழுதுறை என்று பெயர் வந்தது காவிரியால் அல்ல, பொறாமையால். ஆதியில் ஒரே ஒரு படித்துறைதான் இருந்ததாம்; நெல் வியாபாரி ஒருவன் தன் தெருக்காரர்கள் இறங்கிக் குளிக்கப் பதினெட்டுப் படி வைத்துக் கட்டினான், அதைப் பார்த்து வயிறெரிந்த பக்கத்துத் தெருக்காரன் பத்தொன்பது படி வைத்துக் கட்டினான், அதைப் பார்த்துத் தூக்கம் கெட்ட அடுத்த தெருக்காரன் இருபது வைத்தான், இப்படியே ஆளுக்கு ஒரு படி கூட்டிக்கொண்டே போய் ஏழாவது துறை இருபத்துநாலு படியில் வந்து நின்றது, அதற்கு மேல் போகாததற்குக் காரணம் எட்டாவது தெரு இல்லை என்பது மட்டும்தான். இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து வரிசையாக ஏழு துறைகளையும் படம் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து மனிதர்களுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறோம்.

கடைத்தெருவில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது, அதற்குப் போட்டியாகப் பேருந்து நிலையத்தில் இன்னொன்று இருக்கிறது. ஒன்றை ஒன்று முந்தி அடிக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் முள்ளைத் தள்ளித் தள்ளி வைத்ததில் எங்கள் ஊரில் பத்து மணி என்பது ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான், பெயர் தையல்நாயகி, ஐந்தாவது துறைக்காரி. எங்கள் துறைக்கு இருபத்திரண்டு படி. எங்கள் தெருவில் பிறந்த பிள்ளை தன் வயதைச் சொல்லப் பழகும் முன்பே இந்த எண்ணிக்கையைச் சொல்லப் பழகிவிடும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசியில், ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அண்ணன் வைத்தியலிங்கம், வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர், அவருக்கு அகிலாண்டம். தம்பி பஞ்சநதம், பஸ் கண்டக்டர், அவருக்கு நான். அகிலாண்டத்தின் மாலை ஸ்ரீரங்கத்தில் சொல்லிவைத்துக் கட்டி வந்தது, ரோஜாவும் சம்பங்கியும் வெள்ளிச் சரிகையுமாக முழங்கை கனத்துக்கு இருந்தது, அதை அவள் கழுத்தில் போட இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். என் மாலை எங்கள் கொல்லையில் பூத்த நந்தியாவட்டையும் மரிக்கொழுந்தும், அப்பா தன் கையால் வாழைநாரில் கட்டியது, இரண்டு விரல் கனம். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை இன்றைக்குத் திறந்தாலும் எனக்கு அடிவயிற்றில் ஒரு கங்கு விழும். எதற்கு மறைக்க வேண்டும், அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

கல்யாண மாலையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தி, முதல் ஆடிப்பெருக்கன்று பெண் தன் கையால் ஆற்றில் விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாலையை ஆறு வாங்கிக்கொண்டால்தான் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம், அதுவரை அது பாதிக் கல்யாணம்தான் என்று ஏழுதுறையில் சொல்வார்கள். அந்த வருஷம் காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அகிலாண்டமும் நானும் ஆளுக்கு ஒரு கூடையோடு ஒன்றாகத்தான் படியில் கால் வைத்தோம். அவள் கூடையில் அந்த மாலை மட்டுமே நிறைந்து வழிந்தது, என் கூடையில் தேங்காய், பழம், வெற்றிலை, காதோலை கருகமணி எல்லாம் போக மூலையில் ஒரு கைப்பிடி நார் கிடந்தது. பதினெட்டாம் படி வரை அவளைப் பக்கத்தில் பார்த்தேன், அதற்கப்புறம் அவளைக் காணவில்லை, வேறு யாரையும் காணவில்லை, நானும் படியும் மட்டும் இருந்தோம். இருபத்திரண்டு என்று எண்ணிக் காலை வைத்தால் தண்ணீர் இல்லை, கல் இருந்தது. இருபத்துமூன்று, கல். முப்பது, கல். நாலு படி கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது, யார் யாரோ விட்ட பூவெல்லாம் அதில் மிதந்து போனது, நான் நாலு படி இறங்கினால் அதுவும் நாலு படி இறங்கியது. அறுபதாவது படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஆற்றைக் கேட்டால் ஒருவேளை அது சொல்லும். நான் தேங்காயை உடைத்து, அந்தத் தண்ணீரைப் புடவைத் தலைப்பிலும் கொசுவத்திலும் ஊற்றி நனைத்துக்கொண்டு, மாலையை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டு மேலே ஏறினேன். கொஞ்ச நேரத்தில் அகிலாண்டமும் ஏறி வந்தாள், கூடையை வாழை இலையால் மூடியிருந்தாள், அவள் புடவையும் நனைந்திருந்தது, ஆற்றில் இறங்கி வந்தவளிடம் எப்படியோ பன்னீர் வாசனை கமகமவென்று வந்தது.

"போட்டாச்சாடி?" என்றாள்.

"போட்டாச்சுக்கா. நீங்க?"

"நா அப்பவே போட்டுட்டேன். சுழிச்சுக்கிட்டு என்னமா போச்சு தெரியுமா!"

காவிரிகூட அவளுக்குப் பன்னீராக ஓடுகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் இறங்கிப் பார்த்தேன், எழுபத்தெட்டு.

இது எனக்கு மட்டும் நடந்தது என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன்: காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுக் குழாயில் குடம் நிறையத் தண்ணீர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், காலிக் குடத்தோடும் ஈரத் தலையோடும் திரும்பி வந்தார்கள். நிறைகுடத்தோடு ஆற்றுக்கு எதற்குப் போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் நீ எதற்குப் போகிறாய் என்று அவன் திருப்பிக் கேட்பான். நானும் ஒரு குடம் வாங்கினேன். உலகத்தில் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஆற்றுக்குத் தண்ணீர் சுமந்த ஊர் எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும், அதையும் நாங்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, குடத்தைப் பளபளவென்று தேய்த்து, பக்கத்து வீட்டுக் குடத்தைவிடப் பெரிய குடமாகப் பார்த்து வாங்கித்தான் செய்தோம்.

வருஷங்கள் போகப் போக ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, மழைக்கும் வெயிலுக்கும் பழகுகிற மாதிரி. ஏறி இறங்கி எல்லோருக்கும் கெண்டைக்கால் உருண்டு திரண்டது, மாப்பிள்ளை பார்க்க வரும் பெண் வீட்டார் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அதனால் எங்கள் ஊர் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். ஏழுதுறைக்காரர்களுக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் இதைப் புகழ்ந்து பேசுகிறார்கள். மூன்றாவது துறையில் மாட்டுவண்டி ஓட்டும் சோலையப்பன் என்ற ஒருத்தர் மட்டும் தினமும் இருபது படியில் போய்ச் சேர்ந்து முங்கிக் குளித்து, காதிலும் மூக்கிலும் நிஜமான ஆற்று மணலோடு வந்து நிற்பார். அவரைப் பார்த்துப் பார்த்தே அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் ஆளுக்குப் பத்துப் படி கூடிப்போனது.

ஒரு முறை பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்க அதிகாரி ஒருவர் உதவியாளரோடு வந்தார். ஐந்தாவது துறையில் அதிகாரி இறங்கி எண்ணி இருபத்திரண்டு என்றார், பதவி உயர்வு கிடைக்காமல் இருந்த உதவியாளர் இறங்கி எண்ணி அறுபத்தொன்று என்றார். உனக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை, உன்னோடு வேலைக்குச் சேர்ந்தவன் எங்கேயோ போய்விட்டான் என்று அதிகாரி திட்ட, உதவியாளர் மறுபடி இறங்கினார், இந்த முறை எழுபத்துநாலு வந்தது. கடைசியில் படிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 'சுமார்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் அகிலாண்டம் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மூத்தார் வீட்டைப் பாகம் பிரித்ததும் அவள் பக்கத்தில் ஒரு குளியலறை கட்டினார், இளநீலப் பளிங்குக் கல் பதித்து, வெந்நீர்க் குழாய் வைத்து, ஆள் உயரக் கண்ணாடி மாட்டியது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். "ஆத்துல எவடி போய் விழுவா, கண்டவங்களும் வந்து குளிக்கிற எடம்" என்று அவள் சொன்ன அன்றைக்கு எனக்கு நூற்று எண்பது. அவள் வீட்டு போர்வெல்லில் இளநீர் மாதிரி தண்ணீர் வந்தபோது இருநூற்று முப்பது. அவள் மகள் டாக்டருக்குப் படிக்கப் போனபோது முந்நூற்றுப் பத்து. கார் வந்தபோது நானூறு. ஐம்பது வயது ஆகியும் அவள் தலையில் நரை விழவில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை எதேச்சையாகக் கவனித்தேன், அதற்கு மட்டும் முப்பது படி.

என் கல்யாண மாலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பையில் தொங்கியது. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அதை மறைத்து எடுத்துக்கொண்டு போவேன், மறைத்து எடுத்துக்கொண்டு வருவேன். அவருக்கும் எனக்கும் ஒரு சண்டை வந்தால், பிள்ளைக்கு ஒரு வேலை தட்டிப்போனால், என் கண் அந்த ஆணிக்குத்தான் போகும், பாதிக் கல்யாணம் தானே என்று தோன்றும். போன வருஷம் ஐந்நூற்றுப் பன்னிரண்டில் திரும்பி ஏறும்போது முழங்கால் மடங்கிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டு தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு வருஷத்தில் படி என்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார். இந்த ஆடியை விட்டால் எனக்கு வேறு ஆடி இல்லை.

இந்த வைகாசிக் கடைசியில் அகிலாண்டம் அந்த இளநீலக் குளியலறையிலேயே வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். சேதி கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு மிளகு ரசம் வைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"குளுருதுடி தையலு. பீரோல மேல் தட்டுல போர்வை இருக்கு, எடு."

போர்வையை உருவினேன், அதோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் உருண்டு விழுந்து திறந்துகொண்டது. உள்ளேயிருந்து சருகு நிறத்தில் கயிறு மாதிரி ஒன்று சரிந்து தரையில் நீண்டது. அதில் வெள்ளிச் சரிகை ஓடியது. அந்தச் சரிகையை நான் ஆயிரம் தடவை ஆல்பத்தில் பார்த்து எரிந்திருக்கிறேன், எந்த இருட்டில் வைத்தாலும் அடையாளம் சொல்வேன்.

"அக்கா, இது ஒங்க மாலையில்ல?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்குச் சுழிச்சுக்கிட்டுப் போச்சுன்னீங்களே?"

"எங்க போச்சு. தண்ணியவே நா பாக்கல. கூடைக்கு அடியில பன்னீர் பாட்டில் இருந்துச்சு, அத எடுத்துத் தெளிச்சுக்கிட்டு வந்தேன்." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அறநூறோட எண்ணுறத விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் இவருகிட்ட அடம்புடிச்சு பாத்ரூம் கட்டச் சொன்னது."

அறுநூறு! எனக்கு இருபத்தாறு வருஷத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு, இவளுக்கு இரண்டே வருஷத்தில் அறுநூறா, இதிலும் என்னைவிட அதிகமா என்று அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

"அப்பிடி யாரப் பாத்துக்கா?"

"எவளப் பாத்து? ஒன்னப் பாத்துத்தான்."

நான் தரையில் உட்கார்ந்து மாலையைச் சுருட்டி டப்பாவில் வைத்தேன்.

"என்கிட்ட என்னக்கா இருக்கு?"

"பந்தல்ல ஒங்கப்பா அந்த மாலையக் கையில வச்சுக்கிட்டு, எம் பொண்ணுக்கு நாந்தான் போடுவேன்னு ஐயர்கிட்ட மல்லுக்கு நின்னாரே, ஞாபகம் இருக்கா? நார் உறுத்தும்மான்னு ஒங் கழுத்துக்குக் கீழ துண்ட மடிச்சு வச்சாரு. எங்கப்பா மாலைக்கு ஆள் அனுப்புனாரு, அன்னிக்கு முழுக்க எம் பேர ஒரு தடவ சொல்லிக் கூப்பிடல. அப்புறம் இந்தச் சுவரு. சாயங்காலம் ஒம் புருசன் டூட்டி முடிஞ்சு வந்து, இன்னிக்கு பஸ்ல ஒரு ஆளு கோழிக்கு டிக்கெட் கேட்டான்னு ஏதாவது சொல்லுவாரு. நீ சிரிப்ப. கேட்டுக்கிட்டே இருப்பேன். இங்க சாப்பாடு ஆச்சான்னு கேக்குறதோட பேச்சு முடிஞ்சிரும்."

உனக்கும் அப்படித்தானா என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்டது வேறு. "நீயாவது அன்னிக்கே போட்டுட்ட. குடுத்துவச்சவ."

"ஆமாக்கா" என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நரைத்த தலை, தேய்ந்த தோடு, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கால், இதைப் பார்த்து ஒருத்தி அறுநூறு படிக்கு எரிந்திருக்கிறாள் என்ற நினைப்பு பாயசம் குடித்த மாதிரி உள்ளே இறங்கியது. இரண்டு மாதம் அந்தப் பாயசத்தை நான் ஒருத்தியாகவே குடித்தேன். அவளுக்கு வேளா வேளைக்குச் சமைத்துக் கொடுத்தேன், தலை பின்னிவிட்டேன், ஆனால் மஞ்சள் பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அவர் பஸ் கதை சொல்லும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

ஆடிப்பெருக்கன்று அகிலாண்டம் கைத்தடி ஊன்றித் துறையின் மேல்படி வரை வந்து உட்கார்ந்தாள். "என்னால எறங்க முடியாது, நீ போட்டுட்டு வந்துடு தையலு" என்று பிஸ்கட் டப்பாவை என் கூடையில் வைத்தாள். கூடைக்கு அடியில் என் மஞ்சள் பை இருந்தது அவளுக்குத் தெரியாது. எங்களைச் சுற்றி ஊரே நிறைகுடங்களோடு இறங்கிக்கொண்டிருந்தது.

பதினெட்டில் எல்லோரும் மறைந்தார்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டில் வைத்த கால் சில்லென்றது. என் கால் விரலுக்கு மேலே காவிரி ஓடியது. நான் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன், தலையில் ஊற்றிக்கொண்டேன், குடித்தேன், பைத்தியம் மாதிரி ஆறே ஆறே என்று கூப்பிட்டேன். பிறகு அப்பாவின் மாலையை, அது மாலைகூட இல்லை, காய்ந்த நாரும் அதில் ஒட்டிய சில காம்புகளும்தான், இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்தேன். ஆறு வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அகிலாண்டத்தின் மாலையை வைத்தேன். தண்ணீர் பட்டதும் அது ஊறிப் பருத்தது, சருகெல்லாம் சிவந்து ரோஜாவானது, சரிகை மின்னியது, சுழித்துக்கொண்டு என் நாரைச் சுலபமாக முந்திக்கொண்டு போனது.

இங்கேயும் இவள்தான் முன்னாலா என்று நினைத்தேன். நினைத்து முடிக்கும் முன் என் காலடித் தண்ணீர் வடிந்து ஒரு படி கீழே போய் நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அந்த இன்னொரு படியையும் இறங்கி, காலை நன்றாக நனைத்துக்கொண்டு ஏறினேன்.

மேலே அகிலாண்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். "வாங்கிக்கிச்சாடி?"

"வாங்கிக்கிச்சு."

"எத்தன படி?"

இருபத்திரண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அந்தப் பாயசம் சாகும் வரை எனக்குத்தான். அவள் பொசுங்கிய முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும், இருபத்தாறு வருஷமாக அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நின்று நான் வைத்துக்கொண்டிருந்த முகம்தான் அது.

"இருபத்திமூணு" என்றேன்.

"ஏன்டி ஒண்ணு கூட?"

"ஒங்க மாலை எம் மாலைய முந்திக்கிட்டுப் போச்சு. பொறுக்கல."

"ஒம் மாலையா? நீதான் அன்னிக்கே..."

காலியான மஞ்சள் பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "நானும் போடலக்கா. நா தேங்காத்தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்தேன். போன வருசம் எனக்கு ஐநூத்திப் பன்னெண்டு. ஒங்க பாத்ரூமு, ஒங்க போர்வெல்லு, ஒங்க தலமயிரு, எல்லாத்துக்கும் சேத்து."

அகிலாண்டம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது, அப்படி ஒரு சந்தோஷத்தை மகள் டாக்டரானபோதுகூட நான் அவளிடம் பார்க்கவில்லை. "என்னப் பாத்தா?" என்றாள், "எந் தலமயிருக்கா?" என்றாள், பிறகு தடியை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"அக்கா, கால ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

அவள் காதில் வாங்கவில்லை. தடி முன்னால், கால் பின்னால், ஒவ்வொரு படியாக உரக்க எண்ணிக்கொண்டு இறங்கினாள். பதினெட்டில் மறைந்தாள். குரல் மட்டும் வந்தது. பத்தொம்போது. இருவது. இருவத்தொண்ணு. இருவத்திரெண்டு. பிறகு சத்தமே இல்லை. தடியால் தட்டித் தட்டித் தண்ணீரா கல்லா என்று அவள் தடவிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது, நான் அந்தக் காலிப் பையை எடுத்து இறுக்கிப் பிடித்தேன்.

தொப்பென்று தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அதோடு அவள் சிரிப்பும் கேட்டது.

"எனக்கும் இருவத்திமூணுதாண்டி!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

அதில்கூட என்னைவிட ஒன்று குறைய அவளுக்கு மனசு வரவில்லை.